அத்தியாயம் 6: அனுபவப் படிவத்தில் யார் கையெழுத்துப் போடுவார்?

அமெரிக்க சிபிஏ லைசன்ஸுக்கான அனுபவப் படிவத்தை ஒருமுறை இறக்கி, அச்செடுத்து, மேசைமேல் வைத்துப் பாருங்கள். எந்த மாநிலத்துப் படிவமானாலும் சில பக்கங்களில் முடிந்துவிடும். வேலை பார்த்த நிறுவனம், சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழுநேரமா பகுதிநேரமா, மொத்தம் எத்தனை மணிநேரம், என்ன மாதிரியான வேலை. இதுவரை உள்ள விவரமெல்லாம் நம்மிடமே இருக்கிறது. அதற்கும் கீழே இன்னொரு பகுதி வரும். உங்கள் வேலையைப் பார்த்தவரின் பெயர், அவருடைய சிபிஏ லைசன்ஸ் எண், அதைக் கொடுத்த மாநிலம், அது காலாவதியாகும் தேதி, கையெழுத்து. நம் ஊரிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் முட்டி நிற்பது பெரும்பாலும் அந்த லைசன்ஸ் எண்ணுக்கான கட்டத்தில்தான்.

ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு ஒரு பெண் போன் செய்தாள். கோயம்புத்தூர்ப் பெண், சென்னையில் ஓஎம்ஆரில் வேலை. "அக்கா, நாலு பேப்பரும் பாஸ். ஃபார் பேப்பர்ல 81. இனிமே லைசன்ஸ் வர எத்தனை நாள் ஆகும்?" குரலில் அவ்வளவு சந்தோஷம். நான் கேட்ட ஒரே கேள்வி: "உன் வேலையை யாரும்மா ரிவ்யூ பண்றாங்க?" "மேனேஜர்தான்க்கா. சிஏ. ரொம்ப ஸ்ட்ரிக்ட்." "அவருக்கு மேல?" "அவரும் சிஏதான்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "ஏன்க்கா, அது பத்தாதா?"

பெரும்பாலான மாநிலங்களில் அது பத்தாது. அவள் இரண்டரை வருடம் ராப்பகலாகப் படித்தபோது யாராவது இதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். பயிற்சி மையங்கள் பாடத்தைச் சொல்லித் தரும், மாதிரித் தேர்வு வைக்கும். இந்தக் கட்டத்தைப் பற்றிக் கடைசி வகுப்பில் ஐந்து நிமிடம் பேசினால் உண்டு. இந்த அத்தியாயத்தை நீங்கள் தேர்வுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில், யார் இந்த விதியைப் போடுகிறார்கள் என்று பார்ப்போம். அமெரிக்காவில் சிபிஏ லைசன்ஸை மத்திய அரசு தருவதில்லை. 1896-இல் நியூயார்க் முதல் சட்டத்தைக் கொண்டுவந்த காலத்திலிருந்து அது மாநிலத்தின் கையில் இருக்கிறது. இன்று 50 மாநிலங்களோடு வாஷிங்டன் டிசி, குவாம், போர்ட்டோ ரிக்கோ, அமெரிக்க விர்ஜின் தீவுகள், வடக்கு மரியானா தீவுகள் என்று 55 இடங்களில் தனித்தனி வாரியங்கள் உண்டு. தேர்வு ஒன்றுதான். ஏஐசிபிஏ தயாரிக்கும் அந்தத் தேர்வை நீங்கள் சென்னையிலேயே எழுதலாம். ஆனால் படிப்பு எவ்வளவு, அனுபவம் எவ்வளவு, அதை யார் சான்றளிப்பது என்பதை அந்தந்த மாநில வாரியம் முடிவு செய்யும். இந்த வாரியங்களின் கூட்டமைப்புதான் நாஸ்பா. நாஸ்பாவும் ஏஐசிபிஏவும் சேர்ந்து யூனிஃபார்ம் அக்கவுன்டன்சி ஆக்ட் என்று ஒரு மாதிரிச் சட்டம் வைத்திருக்கின்றன. கணக்கியல், ஆடிட், வரி, நிதி ஆலோசனை, நிர்வாக ஆலோசனை போன்ற திறமைகளைப் பயன்படுத்திய வேலை ஒரு வருடம் வேண்டும். அது ஆடிட் நிறுவனத்திலோ, கம்பெனியிலோ, அரசிலோ, கல்லூரியிலோ இருக்கலாம். லைசன்ஸ் உள்ள ஒருவர் அதைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். மாநிலங்கள் அதைத் தழுவித் தங்கள் விதியை எழுதிக்கொள்கின்றன. அந்த விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் இடத்தில்தான் நம் சிக்கலும் இருக்கிறது, வழியும் இருக்கிறது.

"எங்க சார் இருபது வருஷ சிஏ. அவர் போடற கையெழுத்தைவிட அங்கே நேத்து லைசன்ஸ் வாங்கின பையன் கையெழுத்து பெரிசா?" என்று கோபமாகவே கேட்பவர்கள் உண்டு. கோபம் நியாயம்தான். ஆனால் வாரியத்தின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். மைலாப்பூரில் இருக்கும் ஒரு சிஏ பொய்யாகச் சான்று கொடுத்தால் அந்த வாரியத்தால் அவரை ஒன்றும் செய்ய முடியாது. அவருக்குப் பொறுப்பு நம் ஐசிஏஐயிடம். ஒரு சிபிஏ பொய்யாகக் கையெழுத்துப் போட்டால் அவருடைய லைசன்ஸிலேயே கை வைக்கலாம். அந்தப் படிவத்தில் அவர் உங்களுக்காகத் தன் பிழைப்பை ஈடு வைக்கிறார். இதை மனதில் வாங்கிக்கொண்டால் இந்த அத்தியாயத்தின் மீதிப் பகுதி தானாகப் புரியும். அவர் ஏன் தயங்குகிறார், ஏன் கேள்வி கேட்கிறார், நாம் ஏன் எழுதி வைக்க வேண்டும் எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

மாநிலத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? நம்மவர்களில் பலர் தேர்வு எழுத எது சுலபம், கட்டணம் எங்கே குறைவு என்று பார்த்து மாநிலத்தை முடிவு செய்கிறார்கள். பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள் என்று நான் சொல்வேன். உங்கள் வேலையைச் சான்றளிக்கப் போவது யார், அவருக்கும் உங்களுக்கும் அலுவலகத்தில் என்ன உறவு என்பதை முதலில் எழுதுங்கள். அந்த உறவை ஏற்கும் மாநிலம் எது என்று பிறகு தேடுங்கள்.

உதாரணத்துக்கு நியூயார்க். அங்கே உங்களை மேற்பார்வை செய்தவரே சான்றளிக்க வேண்டும். அவர் அமெரிக்க லைசன்ஸ் உள்ள சிபிஏவாக இருக்க வேண்டும். படிவத்தின் பெயர் 4பி. பகுதிநேர வேலையும் செல்லும்: வாரத்துக்கு 20 மணிநேரமாவது பார்த்திருந்தால், இரண்டு வாரப் பகுதிநேர வேலை ஒரு வார முழுநேர வேலையாகக் கணக்காகும். பெரிய ஆடிட் நிறுவனங்களின் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் கிளைகளில் சிபிஏ மேனேஜருக்கு நேரடியாக ரிப்போர்ட் செய்பவர்களுக்கு இது பொருந்தும். என்னிடம் பேசிய அந்தப் பெண்ணுக்குப் பொருந்தாது.

வாஷிங்டன் மாநிலத்தின் விதி வேறு மாதிரி. (தலைநகரான வாஷிங்டன் டிசியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அதற்குத் தனி வாரியம்.) சான்றளிப்பவர் குறைந்தது ஐந்து வருடம் லைசன்ஸ் வைத்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். ஆனால் அவர் உங்கள் மேலதிகாரியாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் வேலையை ஆராய்ந்து, சட்டம் சொல்லும் திறமைகள் உங்களுக்கு வந்திருக்கின்றன என்று அவருக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். சிஏ மேனேஜரின் கீழ் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இது பெரிய வாசல். வாசல் அகலம் என்பதற்காக உள்ளே சோதனை இல்லை என்று நினைக்காதீர்கள். மேற்பார்வை செய்யாத ஒருவருக்கு உங்கள் வேலை தெரியாது. அவருக்குத் தெரிய வைக்கும் பொறுப்பு முழுக்க உங்களுடையது. உட்கார்ந்து ஒவ்வொரு திறமைக்கும் உதாரணம் காட்ட வேண்டியிருக்கும்.

டெக்சாஸ் மணிக்கணக்கை மட்டும் பார்ப்பதில்லை. வழக்கமான வேலையா, சுயமாகத் தீர்மானித்துச் செய்யும் வேலையா என்று பிரித்துப் பார்க்கும். கலிஃபோர்னியாவில் பொது அனுபவத்துக்கு ஒரு படிவம், ஆடிட் போன்ற அட்டெஸ்ட் வேலைக்கு இன்னொரு படிவம். ஆடிட் அறிக்கையில் கையெழுத்துப் போடும் உரிமையும் வேண்டுமென்றால் அந்த வகை வேலையில் 500 மணிநேரம் காட்ட வேண்டும். கொலராடோ 1,800 மணிநேரம் கேட்கும். சில மாநிலங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவரின் விண்ணப்பத்தைத் தொடவே தொடாது. இதைப் பார்க்காமல் எல்லாத் தேர்வும் எழுதிவிட்டு மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

அலுவலகத்திலும் சிபிஏ இல்லை, வெளியிலும் யாரும் இல்லை என்றால்? நாஸ்பாவே நடத்தும் அனுபவச் சரிபார்ப்புச் சேவை ஒன்று இருக்கிறது. அவர்களிடமுள்ள சிபிஏ உங்கள் பதிவுகளைப் பார்த்து, உங்களிடமும் உங்கள் மேலதிகாரியிடமும் கேட்டு அறிக்கை தருவார். குவாம் போன்ற சில வாரியங்கள்தான் அதை ஏற்கின்றன. கட்டணமும் நம் கணக்குக்குக் கனமானது. கடைசிக் கதவாக இதை வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கதவைத் தட்டுவதற்கு முன், நீங்கள் தேர்ந்தெடுத்த வாரியம் இப்போதும் அதை ஏற்கிறதா என்று வாரியத்துக்கே எழுதிக் கேட்டு, வந்த பதிலைச் சேமித்து வையுங்கள்.

கட்டணம் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லியாக வேண்டும். கையெழுத்தை விலைக்குத் தருகிறோம் என்று வாட்ஸ்அப் குழுக்களில் வருபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வேலையை ஒரு நாள்கூடப் பார்க்காத ஒருவர், பணத்துக்காகத் தன் லைசன்ஸ் எண்ணை எழுதிக் கொடுக்கிறார். இது பொய்ச் சான்று. பிடிபட்டால் பாதிப்பு அவரோடு மட்டும் நிற்காது. நேர்மையைச் சோதிக்கும் ஒரு தொழிலின் வாசலிலேயே உங்கள் பெயர் பொய்யோடு பதிவாகும். அப்பா அம்மா நகையை அடகு வைத்துப் படிக்க வைத்த பிள்ளைகள் இந்த வலையில் விழுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வேண்டாம்.

இனி மணிக்கணக்கு. பல மாநிலங்களில் அளவு 2,000 மணிநேரம், அதாவது வாரம் 40 மணிநேரம் வீதம் 50 வாரம். நம் அலுவலகங்களில் பிஸி சீசனில் வாரத்துக்கு 55, 60 மணிநேரம் சர்வசாதாரணம். அதனால் ஒன்பதே மாதத்தில் 2,000 தொட்டுவிட்டேன், விண்ணப்பிக்கலாமா என்று கேட்பார்கள். மணிநேரத்தோடு குறைந்தபட்சம் 12 மாதம் என்றும் விதி இருந்தால் கூடுதல் மணிநேரம் மாதத்தைக் குறைக்காது, வாஷிங்டனில் அப்படித்தான். மறுபக்கம், விடுப்பு நாட்களை வேலை நேரமாக எழுதக் கூடாது. பொங்கலுக்கு ஊருக்குப் போன நான்கு நாள், டைபாய்டில் படுத்த இரண்டு வாரம், தேர்வுக்குப் படிக்க எடுத்த ஒரு மாதம் எல்லாம் கழியும். பிள்ளைப்பேறு விடுப்பும் அப்படியே. நான் பார்த்த விண்ணப்பங்களில் ஆறில் ஒரு பங்கு நேரம் இப்படிக் கரைந்துபோனதும் உண்டு. ஆகவே பதின்மூன்று, பதினான்கு மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

எந்த வேலை செல்லும் என்பதில்தான் நம்மவர்கள் தங்களைக் குறைத்து எழுதுகிறார்கள். ஷேர்டு சர்வீஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி தன் வேலையை இப்படி எழுதிக் கொண்டுவந்தான்: "இன்வாய்ஸ் பதிவு, வெண்டர் பேமென்ட், மாதக் கடைசி வேலைகள்." இதைப் படிக்கும் எந்த சிபிஏவுக்கும் கையெழுத்துப் போட மனம் வராது. உட்கார வைத்துக் கேட்டேன்.

"மாதக் கடைசி வேலைன்னா என்னப்பா?"

"அக்ரூவல் போடுவேன்க்கா. பில் வராத செலவுக்கு ஒரு தொகை வெக்கணும்ல."

"எவ்வளவு வெக்கணும்னு யார் சொல்வாங்க?"

"யாரும் சொல்ல மாட்டாங்க. போன மாசம், ஒப்பந்தம், பர்சேஸ் ஆர்டர் எல்லாம் பார்த்து நானே முடிவு பண்ணுவேன். அப்புறம் நிஜமான பில் வந்ததும் ஒப்பிட்டு, வித்தியாசத்துக்குக் காரணம் எழுதுவேன்."

அதுதான் எழுத வேண்டியது. பில் வராத செலவை எந்த ஆதாரத்தின்மேல் மதிப்பிட்டான், எந்தக் கணக்கியல் தரத்தின்படி எந்தக் காலத்தில் சேர்த்தான், வித்தியாசத்தை எப்படி விளக்கினான் என்று நான்கு வரி எழுதியதும் அதே வேலை வேறு முகத்தோடு நின்றது. ஒரு வார்த்தைகூட மிகைப்படுத்தவில்லை. அதே சமயம், நாள் முழுக்க இன்வாய்ஸை ஸ்கேன் செய்து எண்களைத் தட்டுவது மட்டுமே வேலை என்றால் அதை அழகான சொற்களால் மூடக் கூடாது. மேனேஜரிடம் பேசி, வங்கிச் சரிக்கட்டல், குரூப் கம்பெனிகளுக்கு இடையிலான கணக்கு, குளோசிங் வேலை, ஆடிட்டருக்குப் பதில் தயாரிப்பது என்று ஏதாவது ஒன்றில் இடம் கேளுங்கள். நான்கு மாதம் அந்தப் பக்கம் நகர்வது, ஒரு வருடம் அங்கேயே இருந்துவிட்டு நிராகரிக்கப்படுவதைவிட எவ்வளவோ மேல்.

அமெரிக்க வரி, அமெரிக்க ஆடிட் பார்த்தால்தான் செல்லுமா என்று பலர் கேட்கிறார்கள். மாதிரிச் சட்டத்தில் அப்படி ஒரு சொல் இல்லை. ஜிஎஸ்டி, டிடிஎஸ், நம் நாட்டுக் கம்பெனிச் சட்ட ஆடிட் எல்லாம் கணக்கியல், வரித் திறமைகள்தான். சான்றளிக்கும் சிபிஏவுக்கு அது புரியும்படி விளக்க வேண்டும் என்பது மட்டும் கூடுதல் வேலை. பிரிவு எண்களை அடுக்காமல், என்ன கேள்வி எழுந்தது, எந்த விதியைப் பார்த்தீர்கள், என்ன முடிவெடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.

சிஏ படித்தவர்களுக்கு ஆர்ட்டிகிள்ஷிப் பற்றிய ஏக்கம் இருக்கும். மூன்று வருடம் (2023 ஜூலைக்குப் பின் வந்த புதிய திட்டத்தில் இரண்டு வருடம்) வவுச்சரில் தொடங்கி வங்கிக் கிளை ஆடிட் வரை ஓடி உழைத்ததெல்லாம் வீணா? வீண் இல்லை, ஆனால் அதுவாகப் போய்ச் சேராது. படிவம் 103-இல் பதிவும் 108-இல் நிறைவுச் சான்றும் ஐசிஏஐக்குப் போதும். அமெரிக்க வாரியத்துக்கு அதே கட்டம், அதே லைசன்ஸ் எண். உங்கள் பிரின்சிபல் சிஏவோடு சிபிஏவும் முடித்திருந்தால் அது பெரும் பேறு. இல்லையென்றால் மேலதிகாரி அல்லாத சிபிஏ சான்றளிப்பதை ஏற்கும் மாநிலத்தில், ஆர்ட்டிகிள்ஷிப் கோப்புகளின் பலத்தில் பேசிப் பார்க்கலாம். ஆஸ்திரேலியா, கனடா, அயர்லாந்து போன்ற நாடுகளின் சில கணக்காளர் அமைப்புகளோடு அமெரிக்காவுக்குப் பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம் உண்டு. அவற்றின் உறுப்பினர்கள் முழுத் தேர்வையும் எழுத வேண்டியதில்லை. ஐசிஏஐயோடு அப்படி ஓர் ஒப்பந்தம் இல்லை. சிஏ முடித்தவரும் மற்றவர்களைப் போல எல்லாப் பேப்பரும் எழுதித்தான் ஆக வேண்டும்.

சரி, அந்த சிபிஏவை எங்கே தேடுவது? தொலைவில் தேடுவதற்கு முன் உங்கள் அலுவலகத்தின் ஊழியர் பட்டியலைப் பாருங்கள். பக்கத்து டீமில், அமெரிக்கக் கிளையில் உங்கள் ரிட்டர்ன்களைக் கடைசியாகப் பார்த்து அனுப்புபவர்களில் சிபிஏ இருப்பார். பெயரை வைத்துக்கொண்டு நாஸ்பாவின் சிபிஏவெரிஃபை தளத்தில் இலவசமாகத் தேடலாம். எந்த மாநிலம், லைசன்ஸ் ஆக்டிவா, இன்ஆக்டிவா என்பது அங்கேயே தெரியும். மின்னஞ்சலில் பெயருக்குப் பின்னால் சிபிஏ என்று போட்டுக்கொள்கிறார் என்பதை மட்டும் நம்பாதீர்கள். தேர்வில் மட்டும் பாஸ் ஆனவர்களும் இருக்கிறார்கள், லைசன்ஸைப் புதுப்பிக்காமல் விட்டவர்களும் இருக்கிறார்கள்.

கேட்பதற்குக் கூச்சம் நம் பிள்ளைகளுக்கு அதிகம். வருடம் முடிந்ததும் படிவத்தோடு போய் நின்றால் அவருக்கு அது திடீர்ச் சுமை. வருடம் தொடங்கும்போதே கேளுங்கள். நான் சொல்லிக்கொடுக்கும் முறை இது: "சார், நான் இந்த மாநிலத்துல சிபிஏ லைசன்ஸுக்கு விண்ணப்பிக்கப் போறேன். கடைசியில நீங்க கையெழுத்துப் போடணும்னா என் வேலையில என்னென்ன பார்க்கணும்னு நினைக்கிறீங்க? இப்பவே சொன்னீங்கன்னா அதுக்கேத்த மாதிரி வேலை கேட்டு வாங்கி, எழுதி வெச்சுக்கறேன். மூணு மாசத்துக்கு ஒருதரம் உங்ககிட்ட கொண்டுவந்து காட்டறேன்." இதில் உதவி கேட்பதோடு சோதித்துப் பாருங்கள் என்ற அழைப்பும் இருக்கிறது. லைசன்ஸை ஈடு வைக்கப் போகிறவருக்கு அந்த அழைப்புதான் தைரியம் தரும். அவர் மறுத்தாலும் நல்லதுதான். உங்களிடம் இன்னும் பன்னிரண்டு மாதம் இருக்கிறது.

எழுதி வைப்பது என்றேன். என்னுடையது ஒரு நீளவாக்கு நோட்டு, இன்னும் இருக்கிறது. அதில் ஒரு வாரப் பதிவு: "மார்ச் 2–6. 46 மணி. மூன்று 1065 பார்ட்னர்ஷிப் ரிட்டர்ன். ஒன்றில் வருட நடுவில் புதுப் பார்ட்னர். லாபத்தை நாள் கணக்கில் பிரித்தேன். மூலதனக் கணக்கு ஒட்டவில்லை என்று ரிவ்யூவில் திரும்பியது. போன வருட முடிவு இருப்பைத் தவறாக எடுத்திருந்தேன். திருத்தினேன்." ஓரத்தில் மேனேஜரின் முதலெழுத்து, அவர் கையால். கிளையன்ட் பெயர் எங்கேயும் இல்லை; ஏ, பி, சி என்று குறியீடுதான். பெயர் எழுதுவது ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறுவது ஆகும். தவறு செய்ததையும் எழுதியிருக்கிறேன் பாருங்கள். அதை மறைக்கத் தோன்றும், மறைக்காதீர்கள். ஒரு வருடம் கழித்துப் படிக்கும் சிபிஏவுக்கு, இந்தப் பெண் நிஜமாகவே அந்த ரிட்டர்னைப் போட்டிருக்கிறாள் என்று நம்பிக்கை தருவது அந்த வரிதான். அலுவலக டைம்ஷீட்டில் மணிநேரம் இருக்கும், வேலையின் உள்ளடக்கம் இருக்காது. வேலையை விட்டு விலகிய மறுநாள் அந்த டைம்ஷீட்டையும் உங்களால் திறக்க முடியாது.

இவ்வளவு எழுதி வைத்தும் நான் ஓரிடத்தில் தவறினேன். என் முதல் மேனேஜர் அமெரிக்கக் கிளையிலிருந்து சென்னைக்கு வந்து எங்கள் டீமைப் பார்த்துக்கொண்டவர். பதினோரு மாதம் அவரிடம் வேலை பார்த்தேன். அவர் ஊர் திரும்பிய அன்று கேக் வெட்டினோம், படம் எடுத்துக்கொண்டோம். படிவத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. தேர்வில் இன்னும் ஒரு பேப்பர் பாக்கி, அப்புறம் கேட்கலாம் என்று இருந்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது. அவர் தொழிலையே மாற்றிக்கொண்டு லைசன்ஸை இன்ஆக்டிவ் ஆக்கியிருந்தார். கையெழுத்திடும் நாளிலும் லைசன்ஸ் ஆக்டிவாக இருக்க வேண்டும் என்றது நான் விண்ணப்பித்த வாரியம். அவருக்கும் வருத்தம், எனக்கும் அழுகை. அடுத்த மேனேஜர் தன்னிடம் நான் வேலை பார்த்த ஐந்து மாதத்துக்கு மட்டும்தான் சான்று தர முடியும் என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. மீதி ஏழு மாதத்தை அவரிடம் முதலிலிருந்து சேர்த்தேன்.

ஆகவே, உங்கள் சிபிஏ வேறு டீமுக்கு மாறினாலும், ஊர் மாறினாலும், ஓய்வு பெற்றாலும், அன்றைய தேதி வரையிலான காலத்துக்கு அவர் கிளம்பும் முன்பே படிவத்தில் சான்று வாங்கிவிடுங்கள். தேர்வு முடியாமல் படிவத்தை ஏற்க மாட்டோம் என்று வாரியம் சொன்னால், தேதி, மணிநேரம், வேலை விவரம், லைசன்ஸ் எண் எல்லாம் உள்ள கடிதமாவது அவர் கையெழுத்தோடு உங்களிடம் இருக்கட்டும். பின்னால் படிவம் கேட்கும்போது அவருக்கும் நினைவுபடுத்திக்கொள்ள ஆதாரம் இருக்கும். அவருடைய சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கேட்டு வாங்குங்கள்; அலுவலக முகவரி அவரோடு போகாது.

காலக்கணக்கில் இன்னும் இரண்டு செய்திகள். இந்தியா போன்ற வெளிநாட்டு மையத்தில் தேர்வு எழுதும்போது நீங்கள் ஓர் ஒப்புதலில் கையெழுத்திடுகிறீர்கள். கடைசிப் பேப்பர் பாஸ் ஆன பின் மூன்று வருடத்துக்குள் லைசன்ஸ் வாங்குவேன் என்பது அதில் ஒரு வாக்குறுதி. பலர் படிக்காமல் டிக் அடித்துவிடுகிறார்கள். ஆக, அனுபவத்தை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு எல்லை உண்டு. இன்னொன்று நல்ல செய்தி. பட்டத்தோடு 150 கிரெடிட் வேண்டும் என்ற பழைய விதி தளர்ந்துவருகிறது. இளங்கலைப் பட்டமும் இரண்டு வருட அனுபவமும் இருந்தால் போதும் என்ற மாற்று வழியை ஒஹையோ 2025 ஜனவரியில் சட்டமாக்கியது. 2026 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில். 2025 மே மாதம் மாதிரிச் சட்டத்திலும் இந்த வழி சேர்ந்தது. வேறு பல மாநிலங்களும் பின்தொடர்கின்றன. எம்.காமுக்கு மீண்டும் பணம் கட்டுவதா, இன்னொரு வருடம் வேலை பார்ப்பதா என்று யோசிக்க இப்போது இடம் இருக்கிறது. ஆனால் நம் மூன்று வருட பி.காமைப் பொதுவாக 90 கிரெடிட்டாக மதிப்பிடுகிறார்கள். அதை அமெரிக்க இளங்கலைக்குச் சமமென்று மதிப்பீட்டு அறிக்கை சொல்லாவிட்டால் இந்த வழி உங்களுக்குத் திறக்காது. அறிக்கை கைக்கு வந்த பிறகு முடிவெடுங்கள். இரண்டு வருடம் என்றால் கையெழுத்தும் இரண்டு வருடத்துக்கு வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

காகித வேலையில் நம்மை அலைக்கழிப்பது பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக, டிகிரியில் இனிஷியலாக, அலுவலகத்தில் கணவர் பெயரோடு என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர். அனுபவப் படிவத்தில் உள்ள பெயர் தேர்வுக்குப் பதிவு செய்த பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகட்டும். ஆஃபர் லெட்டரும் ரிலீவிங் லெட்டரும் காட்டும் தேதிகள் படிவத்தில் உள்ள தேதிகளோடு ஒட்ட வேண்டும். பல மாநிலங்கள் அறநெறித் தேர்வும் கேட்கும். ஏஐசிபிஏ நடத்தும் அந்தத் தேர்வில் 90 சதவீதம் வேண்டும். அனுபவ மாதங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை முடித்துவிடலாம். படிவத்தை நீங்கள் அனுப்ப வேண்டுமா, சான்றளிப்பவரே வாரியத்துக்கு நேராக அனுப்ப வேண்டுமா என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். அவர் அனுப்ப வேண்டியதை நீங்கள் அனுப்பினால் மொத்தமும் திரும்பி வரும். பழைய நண்பர் கொடுத்த படிவத்தை நிரப்பாதீர்கள். அன்றைக்கு வாரியத்தின் தளத்தில் இருப்பதையே இறக்குங்கள்.

வாரியம் சான்றளித்தவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம், மின்னஞ்சலும் அனுப்பலாம். அப்படி ஒன்று வரும் என்று அவரிடம் முன்பே சொல்லி, உங்கள் பதிவின் ஒரு நகலை அவர் கையில் கொடுத்து வையுங்கள். அனுப்பிய ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, நோட்டோடு சேர்த்து வீட்டில் ஓரிடத்தில் பத்திரப்படுத்துங்கள். லைசன்ஸ் கிடைத்த பிறகும் அதைத் தூக்கிப் போட வேண்டாம். சில வருடம் கழித்து நீங்கள் வேறு மாநிலத்தில் லைசன்ஸ் கேட்கும்போது அந்த வாரியம் இதே அனுபவத்துக்கு மறுபடியும் சான்று கேட்கலாம். அன்றைக்கு அந்தக் கையெழுத்தைப் போட்டவர் ஓய்வு பெற்று வேறெங்கோ இருப்பார்.